ஓடு மாற்றும் மாதம்

புரட்டாசி பிறந்துவிட்டால் எனக்கு நங்கநல்லூரில் சனிக்கிழமை கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை சேர்வதற்குள் தாண்டி, கொளவாய் ஏரி வெளுக்கும்போது செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால், படாளம் கூட்டுரோட்டில் ஏழு மணிக்கு முன்னால் டீ குடித்துவிடலாம். அங்கே வேடந்தாங்கல் சாலையில் திரும்ப வேண்டும். பின் சீட்டில் கொசுவலை, குழாய் வாஷர், எலிப்பொறி, சணல் கயிறு என்று ஒரு மளிகைக் கடையே உருண்டுகொண்டிருக்கும்.

போகிற இடம் பாட்டி வீடு. அம்மாவைப் பெற்ற பாட்டி. நாட்டு ஓடு வேய்ந்தது. திண்ணை, முற்றம், கூடம், இரண்டு அறை, பின்னால் கிணறு. 2014-ல் பாட்டி போனபிறகு ஏழு வருடம் பூட்டியே கிடந்தது. மாமாக்கள் அம்மாவிடம் விட்டார்கள், அம்மா என்னிடம் விட்டார். 2021 கடைசியில், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குச் செலவழிப்பதற்கு வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று தேவைப்பட்டது என்பதும் உண்மை.

மலை ஊர்களில் விடுதி நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவர்களுக்கு சீசன் என்றால் ஏப்ரல், மே. மழை, குளிர் எல்லாம் முடிந்தபிறகு ஆற அமர வெள்ளையடித்துத் திறக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வேடந்தாங்கல் ஏரி வடகிழக்குப் பருவமழையில்தான் நிறையும். தண்ணீர் நின்றால்தான் நடுவில் இருக்கும் கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் தீவு மாதிரி ஆகி, பறவைகள் பயமில்லாமல் கூடு கட்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். மழையும் விருந்தாளியும் ஒரே வாசல் வழியாக ஒன்றாக நுழைவார்கள். அதனால் கூரை, சுவர், கிணறு, சாக்கடை எல்லாம் ஐப்பசி பிறப்பதற்குள் முடிந்தாக வேண்டும். நல்லவேளையாக, புரட்டாசியில் கிரகப்பிரவேசம் வைப்பவர்கள் குறைவு. ஆவணி முழுக்க போனை எடுக்காத கொத்தனார், இந்த மாதம் அவராகவே கூப்பிட்டு, "சார், எப்ப வரணும்?" என்று கேட்பார்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் உண்மையான மேலாளர் நான் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா. பாட்டி காலத்திலிருந்தே அந்த வீட்டில் வேலை செய்தவர்; அறுபதைத் தாண்டியிருப்பார். சாவி அவரிடம்தான். நான் சென்னையிலிருந்து எழுதிக்கொண்டு போகும் பட்டியலை வாங்கிப் பார்ப்பார், மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார், அப்புறம் அவர் நினைத்த வரிசையில்தான் வேலை நடக்கும்.

முதல் வருடம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணில் படுவதற்கெல்லாம் செலவழித்தேன். கூடத்தில் ஊஞ்சல், திண்ணையில் பித்தளை விளக்கு, முற்றத்தைச் சுற்றிப் பளீரென்ற போகஸ் லைட். சுவர் அங்கங்கே பொரிந்திருந்தது என்று சிமென்ட் பூசி, மேலே விலை உயர்ந்த பெயின்ட் அடித்தேன். "சுண்ணாம்பு அடிச்சா போதுமே தம்பி" என்றார் அக்கா. நான் கேட்டால்தானே! கார்த்திகையில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறியது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக வீங்கி, விரல் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அடியில் ஈரம் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாகவே வெளியே போய்க் காய்ந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமென்ட் விடாது. உள்ளேயே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், ஏறிய இடத்தில் உப்பைக் கக்கும். இதை எனக்குச் சொன்னவர் அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான கொத்தனார். சொல்லிவிட்டு, நான் காசு கொடுத்துப் பூசியதை இன்னொரு முறை காசு வாங்கிக்கொண்டு கொத்தி எடுத்தார்.

இப்போது வருடா வருடம் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதிக்கிற சத்தமே தனி. பக்கத்தில் குழந்தைகளை விடக்கூடாது. கண்ணில் தெறித்தால் வம்பு. சில நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் கோந்தும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, மோர் பதத்தில் மூன்று கை அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. ஈரத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சுவர் வெளுத்திருக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது என்று விருந்தினர் சிலருக்குக் குறை உண்டு. அவர்களுக்காகத் திண்ணைச் சுவரில் பாய் கட்டிவிட்டேன்.

கூரைதான் பெரிய வேலை. நாட்டு ஓடு என்பது குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, ஈரத்திலேயே இரண்டாக அறுத்துச் சுட்டது. மல்லாக்க ஒரு வரிசை, அதன் இடுக்குகளை மூடிக் கவிழ்த்து ஒரு வரிசை. ஆணி கிடையாது, ஒட்டு கிடையாது. தன் எடையில் தானே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஒரு குரங்கு போதும். குரங்கு வராத வருடம் பூனை வரும், மயில் வரும். இவை எதுவும் வராவிட்டாலும் வேப்பிலைச் சருகும் புழுதியும் மல்லாந்த ஓட்டில் சேர்ந்து குட்டி அணை கட்டிவிடும். தண்ணீர் வழிந்து ஓட முடியாமல் பக்கவாட்டில் உள்ளே இறங்கும். ஒழுகுகிற வீடுகளில் பாதிக்கு மேல் ஓடு உடைந்து ஒழுகுவதில்லை, குப்பை சேர்ந்துதான் ஒழுகுகிறது என்பார் ஓடு மாற்றுகிறவர்.

அவர் வந்தால் ஒரு பக்கக் கூரையை முழுக்கப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் ஒரு பக்கம், மொத்தென்றால் இன்னொரு பக்கம். தென்னந்துடைப்பத்தால் பாசியைத் தேய்த்து, மூங்கில் வரிச்சலில் உளுத்ததை மாற்றி, கைமரத்தைச் சுத்தியலால் தட்டிக் கரையான் பார்த்து, அப்புறம் திரும்ப அடுக்குவார். பனங்கைமரம் இன்னும் இரும்பு மாதிரி இருக்கிறது. மொத்தென்று போன ஓடுகளுக்கு ஈடு கிடைப்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கம் இப்போது நாட்டு ஓடு சுடுகிறவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. எங்காவது பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் வாங்கி வந்து கிணற்றடியில் அடுக்கி வைத்துக்கொள்கிறேன். பேசாமல் தகரம் போட்டுவிடலாமே என்று ஒரு மாமா ஒவ்வொரு வருடமும் கேட்பார். தகரத்தின் மேல் ஐப்பசி மழை பெய்கிற சத்தத்தில் அவரை ஒரு ராத்திரி தூங்க வைக்க வேண்டும்.

கூரைக்கு அடுத்து கிணறு. முதல் இரண்டு வருடம் ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி வீசிவிட்டு வந்துவிடுவேன். ஒரு விருந்தினர், "நீச்சல் குளத்தில் குளித்த மாதிரி இருக்கிறது" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதன்பிறகுதான் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். எங்கள் கிணறு மூன்று மீட்டர் விட்டம். புரட்டாசியில் இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 14,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில், 35 கிராம் போதும். நான் அள்ளி வீசியது அதைப்போல் பல மடங்கு இருந்திருக்கும்.

வீசுவதும் தப்பு. முதலில் வாளியில் குழம்பாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கயிறு கட்டி இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீர் இன்னும் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் போடலாம். பொட்டலம் பிரித்து நாளாகிவிட்டால் பவுடரின் வீரியம் போய்விடும் என்பதால் சின்னப் பொட்டலமாகத்தான் வாங்குகிறேன். மழையில் கிணறு ஏறி நான்கு மீட்டர் ஆகிவிட்டால் அளவும் இரட்டிப்பு. அக்காவுக்கு இந்தப் பெருக்கல் எதுவும் வேண்டாம். கிணற்றுச் சுவரில் எந்தப் படி வரை தண்ணீர் வந்தால் எத்தனை ஸ்பூன் என்று சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

தூர் வாருவதற்கு ஆள் இறங்கும் முன் அக்கா அகல் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார். அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அணையாவிட்டாலும் கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் இறக்கக் கூடாது, மேலே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது நான் சேர்த்த விதி.

மெத்தை, தலையணை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலவம்பஞ்சு, மழைக்கு முன் நான்கு வெயில் காட்டிவிட வேண்டும். தவறவிட்டால் தை மாதம் வரை பூஞ்சை வாடைதான்.

கரண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. மழைக்காலம், ஈரத் தரை, வெறுங்கால், ஹீட்டர். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறேன். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அக்காவின் வேலை. அவர் அதை ஏதோ செடி என்றுதான் நினைக்கிறார். "அதுக்குத் தண்ணி ஊத்திட்டேன் தம்பி" என்பார்.

முதல் வருடம் மாட்டிய போகஸ் லைட்டுகளை இறக்கிவிட்டேன். இருட்டில் வயல் நடுவில் ஒரு வீடு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி எரிவது எனக்கே அசிங்கமாக இருந்தது. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998-ல் அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறோம். ஊர்க்காரர்களின் கட்டுப்பாடு அதைவிடப் பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதால், ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798-லேயே இங்கே சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில், கரை உடையுமோ என்று கொட்டும் மழையில் பயந்து நின்ற கலெக்டரும் இதே பிளேஸ்தான். இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு மழையைத் தவிர வேறு நினைப்பு இருந்திருக்காது போல.

ஊராருக்குப் பறவை மேல் வெறும் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் உண்டு. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் குறைவாகப் போட்டால் போதும். அதனால் தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது. இதை முன்பதிவின்போதே விருந்தினரிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லியும், ஒரு தீபாவளிக்கு வேளச்சேரியிலிருந்து வந்த குடும்பம் டிக்கி நிறைய பட்டாசோடு வந்து இறங்கியது. நான் போனில், எப்படி நாகரிகமாகச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா பையை வாங்கி, "மழை வரும், நமுத்துப்போயிடும், உள்ள வெக்கிறேன்" என்று குதிருக்குள் போட்டு மூடி, மேலே அரிசி மூட்டையை ஏற்றிவிட்டார். அந்த வீட்டுப் பையன் மட்டும் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானாம். சாயங்காலம் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பிப் போகும்போது பை பத்திரமாக டிக்கிக்குள் ஏறியது.

பாம்பு பற்றி எல்லோரும் கேட்பார்கள், பாதிப் பேர் கேட்டுவிட்டு வராமலும் போய்விடுவார்கள். மறைத்துப் பயனில்லை. நெல் வயல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் அதுவும் இருக்கும். புரட்டாசியில் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். இந்த மாவட்டத்தில் இருளர்களின் பாம்பு அறிவு சாதாரணமானது இல்லை. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிற விஷத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் பெரியவர் குச்சியால் தட்டிக்கொண்டே நடப்பார். போன வருடம் நான் அழகாக அடுக்கி வைத்திருந்த உபரி ஓட்டுக் குவியலைக் காட்டி, "இது யாரு கட்டின வீடு?" என்றார். நான்தான் என்றேன். "உள்ள ஆள் இருக்கு" என்றார். இருந்தது. சாரைதான்; ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடுகளை இப்போது இரும்புச் சட்டத்தின் மேல், தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி அடுக்குகிறோம். குளியலறைக் குழாய் வெளியே முடிகிற இடத்தில் கம்பி வலை. யாருக்கும் தரையில் படுக்கை கிடையாது. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பதாகத்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். கட்டில், மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலை, தலைமாட்டில் டார்ச். கதவுக்குப் பின்னால் 108, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி, கீறக் கூடாது, கயிறு கட்டக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊஞ்சலைப் படம் எடுக்கிறவர்கள் இந்தத் தாளைப் படத்தில் விழாமல் ஒதுக்கிவிடுகிறார்கள்.

காகித வேலையும் உண்டு. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். பிரான்சிலிருந்து ஒரு தம்பதி வந்த அன்று, சிக்னல் கிடைக்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை வெயிலில் வரப்பில் நின்றேன். அவர்கள் நான் பறவை தேடுகிறேன் என்று நினைத்து, பைனாகுலரை நீட்டினார்கள்.

இத்தனையும் செய்துவிட்டு ஒன்றை மட்டும் யாருக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது. "இந்தத் தேதிக்குப் பறவை இருக்குமா?" 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது ஏரியில் தண்ணீர் நிற்கவில்லை என்றும், வந்த பறவைகள் வட்டமடித்துவிட்டுப் போய்விட்டன என்றும் அக்கா சொல்வார். அந்த மாதிரி ஒரு வருடம் வந்தால் என் புது வரிச்சலும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் என்ன பதில் சொல்லும்? அதனால் பணம் திருப்பித் தருவதைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஏரி வறண்டிருந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். நண்பர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். வீடு என்னுடையது, ஏரி என்னுடையதில்லை. இல்லாததைக் காட்டி வாடகை வாங்க மனசு வரவில்லை.

இந்த வருடம் கடைசி ஓடு ஏறி நான்காம் நாள் ராத்திரி சென்னையில் நல்ல மழை. இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டேன். நங்கநல்லூர் மாடியில் படுத்துக்கொண்டு எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கூரையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு அக்காவே கூப்பிட்டார்.

"கூடத்துல சொட்டு இல்ல தம்பி. சமையல்கட்டுல மட்டும் பூனை ரெண்டு ஓட்ட நகத்தியிருக்கு. பாட்டியோட அண்டாவ வெச்சிருக்கேன்."

"சுவரு?"

"சுவருக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"ஏரி?"

"இப்பதானே பேஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு மழை வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து சாயங்காலம் நாலு நத்தைகுத்தி நாரை வந்து சுத்திப் பாத்துட்டுப் போச்சு" என்றார்.

நவம்பர் இரண்டாவது வாரத்துக்குக் கேட்டு மூன்று நாளாகக் காத்திருந்த அம்பத்தூர்க்காரருக்கு, "வாங்க, ஏரி பற்றி ஒரு வாரம் முன்னால் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். அப்புறம் ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டேன். ரெண்டு ஓட்டுக்காக வரமாட்டேன், அக்காவையே ஏணி போட்டுத் தள்ளிவிடச் சொல்லுங்கள் என்றார்.